மெதுவாய் ஓடிய குரல்

ஈப்போவில் நான் வேலை பார்த்த கிளினிக்கை மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் சாத்திவிடுவோம். டாக்டர் தன் அறைக்குள் போய் டிபன் கேரியரைத் திறப்பார். கூடவே மேசையில் இருக்கும் கேசட் ரெக்கார்டரையும் போடுவார். அவருடைய மகன் இங்கிலாந்தில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலையாக இருந்தான். தவறாமல் தபாலில் கேசட் அனுப்புவான். பாட்டு கேசட் இல்லை. அங்கே வெளிவரும் மருத்துவப் பத்திரிகைகளின் கட்டுரைகளை ஒரு வெள்ளைக்காரர் நிறுத்தி நிதானமாகப் படித்திருப்பார். டாக்டருக்குப் பொடி எழுத்து தெரியாமல் போய்க்கொண்டிருந்த காலம் அது. சோற்றைப் பிசைந்தபடியே வியாதிகளைக் கேட்டுக்கொண்டிருப்பார்.

பலகைச் சுவருக்கு இந்தப் பக்கம் மருந்துக் கவுண்டர். அங்கே உட்கார்ந்து மாத்திரைகளைச் சின்னச் சின்ன உறைகளில் போட்டுக்கொண்டே நானும் கேட்பேன். எனக்கு ஒன்றும் ஆசையில்லை, பலகை மறைத்தால்தானே! ரப்பர் தோட்டத்தில் பிறந்தாலும் ஈப்போவில் மாமா வீட்டில் தங்கி இங்கிலீஷ் பள்ளியில் படித்தவள் நான். பாதி புரியும். புரிந்த பாதியே என் தூக்கத்துக்கு உலை வைக்கப் போதுமானதாக இருந்தது. நடுத்தர வயதுப் பெண், பிள்ளைகளின் தாய் என்று ஆரம்பிப்பார் அந்த வெள்ளைக்காரர். பேர் வராது. ஊர் வராது. எங்கே வலித்தது, எப்படி வீங்கியது, எதைத் திறந்து பார்த்தார்கள் என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். கடைசியில் அவள் செத்துப்போனாள் என்பதையும் அதே குரலில்தான் சொல்வார். ஒரு செருமல்கூட இருக்காது.

இந்த மனுஷனுக்கெல்லாம் தாய், பிள்ளை உண்டா என்று எனக்குக் கோபமாக வரும். கோபம் என்று நான் நினைத்துக்கொண்டேன், உள்ளே இருந்தது பயம்தான். கதவு சாத்திய கிளினிக்கில், முகமில்லாத ஒருவர், பேரில்லாத செத்தவர்களைப் பற்றிப் பேசிக்கொண்டே இருப்பார். வெளியே நோயாளிகள் காத்திருக்கும் பெஞ்சு காலியாகத்தான் கிடக்கும். இருந்தாலும் அதில் யாரோ உட்கார்ந்து தன் கதையைத் தானே கேட்டுக்கொண்டிருப்பது போல எனக்கு முதுகு கூசும். நான் அந்தப் பக்கம் திரும்பவே மாட்டேன்.

அறையில் இருந்த ஒரே ப்ளக்கை மேசை ஃபேன் பிடித்துக்கொண்டதால் ரெக்கார்டர் பேட்டரியில்தான் ஓடும். பேட்டரி தீரப்போகிற நாளில் வெள்ளைக்காரரின் குரல் இழுபடும். தடித்துக் கனத்து, தூக்கக் கலக்கத்தில் பேசுகிற கிழவனின் குரலாகிவிடும். டாக்டர் அதையும் பொருட்படுத்தாமல் கேட்பார். எனக்குத்தான் மயிர்க்கூச்செடுக்கும்.

எங்களுக்கு அப்பா அம்மா இல்லை. என் ஒரே தங்கச்சியை லகாட்டுக்கு அப்பால் ஒரு ரப்பர் தோட்டத்தில் மாமா கட்டிக்கொடுத்திருந்தார். மாப்பிள்ளைக்குப் பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுக்கிற வேலை. அவருடைய அப்பா ஒரு காலத்தில் அந்தத் தோட்டத்தில் ஆட்களை மேய்த்த கங்காணி. வேலையை விட்டுப் பல வருஷமாகியும் கூலிக்காரர்களின் லயத்து வீடுகளில் எல்லாரும் அவரைக் கங்காணி என்றே கூப்பிட்டார்கள், அவர் இருமினாலும் எழுந்து நின்றார்கள். கல்யாணமான மறு வருஷம் அவர் போய்ச் சேர்ந்தார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் மாமியாரின் வாய்க்கும் மகனின் கைக்கும் தடை சொல்ல ஆள் இல்லை. தங்கச்சிக்குப் பிள்ளையும் தங்கவில்லை. சொல்லவா வேண்டும்? எல்லாரும் தின்று முடித்த பிறகு சட்டியை வழித்துத் தின்பவளாக இருந்தாள் அவள்.

மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்துப் போய்ப் பார்த்துவருவேன். ஒருமுறை போனபோது வெயில் கொளுத்துகிற நேரத்தில் உடம்பைச் சுற்றிப் போர்வையோடு இருந்தாள்.

"குளிருதுக்கா" என்றாள்.

அடுத்த முறை முகம் உப்பியிருந்தது. "தின்னு தின்னு ஊதிட்டா" என்றார் மாமியார். அவள் என்னத்தைத் தின்றாள் என்று எனக்குத் தெரியும், அதனால் பல்லைக் கடித்துக்கொண்டேன். நடை மெதுவாகிவிட்டது. ஒரு கேள்வி கேட்டால் பதில் வருவதற்குள் நாம் வேறு பேச்சுக்குப் போய்விடலாம். குளிர் தாங்காமல், பெட்டியில் கிடந்த கங்காணியின் பழைய கறுப்புக் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டிருந்தாள். விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்துக்குப் போகும்போது அவர் போட்டுக்கொள்கிற கோட்டு அது. செத்தவர் கோட்டை ஏன் போடுகிறாய் என்று மாமியார் கத்தியிருக்கிறார். இவள் கழற்றவில்லை.

அதற்கு அடுத்த முறை நான் லயத்து வாசலுக்கு வந்தபோது வீட்டுக்குள் கங்காணி பேசிக்கொண்டிருந்தார்.

நான் அவர் குரலை நன்றாக அறிந்தவள். அடித்தொண்டையிலிருந்து, ஒவ்வொரு சொல்லையும் தரையில் இறக்கிவைப்பது போல் பேசுவார். அவருடைய காரியத்துக்கும் வந்து சாப்பிட்டுப் போனவள் நான். பட்டப்பகலில், குழாயடியில் பெண்கள் துணி துவைக்கிற சத்தத்துக்கு நடுவில் அந்தக் குரல் கேட்டது. எட்டிப் பார்த்தால் அவருடைய நாற்காலியில், அவருடைய கோட்டுக்குள், என் தங்கச்சி உட்கார்ந்திருந்தாள். வாய் அவளுடையது. வந்த குரல் அவருடையது.

"அப்பா வந்திருக்காருக்கா" என்றார் மாப்பிள்ளை, முகம் மலர. "கோட்டு வழியா வந்துட்டாரு."

அவர்கள் முறைப்படி கற்பூரம் கொளுத்தி, யார் வந்திருப்பது என்று கேட்டார்களாம். அவள் வெகுநேரம் சும்மா இருந்துவிட்டு "நான்தான்" என்றாளாம். அது போதாதா? அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை சாயங்காலம்தோறும் கங்காணிக்குப் படையல். சுருட்டு, ஆட்டுக்கறி, ஒரு போத்தல் ஸ்டவுட் பீர். லயத்து ஆட்களெல்லாம் வந்து குறி கேட்டார்கள். அவள் இரண்டு சொல் சொல்வாள், கண் சொருகிப்போகும். அந்த இரண்டு சொல்லைப் பிடித்துக்கொண்டு அவர்கள் சந்தோஷமாகப் போவார்கள். மாமியார் தட்டைக் கையில் ஏந்தி நின்று, "சாப்புடுங்க, ஆறிப்போவுது" என்று கெஞ்சினார். மாப்பிள்ளை சம்சுச் சாராயம் குடிப்பதையே விட்டிருந்தார்.

நான் கொதித்துப்போனேன். மாப்பிள்ளையைப் பின்பக்கம் அழைத்துப்போய், "இது வியாதி தம்பி, டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போலாம்" என்றேன்.

"டாக்டரா? இதைப் பார்த்தா நேரா தஞ்சோங் ரம்புத்தானுக்கு எழுதிடுவான்லா. அங்க போனவங்க யாரு திரும்பி வந்தா?"

என் தங்கச்சியை அந்த ஊர்ப் பைத்தியக்கார ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு பஸ்ஸில் திரும்புவதை நினைத்துப் பார்த்தேன். டாக்டரிடம் வாயே திறக்கவில்லை. வியாதி என்று சொன்னேனே தவிர, பஸ்ஸில் வரும்போது நானே அதை நம்பவில்லை. பாதையோரம் ஈயம் தோண்டிக் கைவிட்ட பழைய லம்பக் குட்டைகள் பச்சைத் தண்ணீரோடு அசையாமல் கிடந்தன. கங்காணியின் குரல் காதை விட்டுப் போகவேயில்லை.

பிறகு ஒரு மத்தியானம். டாக்டர் புதுக் கேசட்டைப் போட்டார். பேட்டரி தீருகிற நாள். வெள்ளைக்காரர் இழுத்து இழுத்துப் பேசினார். எப்போதும் குளிர்கிறது என்பாள், என்று அந்தக் குரல் சொன்னது. முகம் உப்பும். புருவத்தின் ஓரம் கொட்டிப்போகும். பேச்சும் நடையும் மந்தமாகும். குரல் தடித்து ஆண் குரல் போலாகும். இல்லாததைக் காண்பாள், கேட்பாள். வீட்டார் அவளை வேறு யாரோ என்று நினைப்பார்கள். கழுத்தில் இருக்கிற தைராய்டு என்ற சின்னச் சுரப்பி வேலை செய்யாமல் போவதால் வருகிற வியாதி இது. கவனிக்காமல் விட்டால் ஒருநாள் தூங்குவாள், எழுப்ப முடியாது.

என் கையிலிருந்த மாத்திரைகள் தரையில் சிதறின. சொல்லப்பட்ட விஷயம் மட்டும் காரணமில்லை. தீர்ந்துபோன பேட்டரியில் இழுபட்ட அந்தக் குரல் அச்சு அசலாக என் தங்கச்சியின் குரலாக இருந்தது. அவளே பலகைக்கு அந்தப் பக்கமிருந்து தன் வியாதியைச் சொல்வது போல இருந்தது.

கதவைத் தட்டாமலே உள்ளே போய் எல்லாவற்றையும் கொட்டினேன். டாக்டர் கையில் எடுத்த சோற்றை அப்படியே வைத்துவிட்டார். ரெக்கார்டரை நிறுத்தினார்.

"புருவம் கொட்டியிருக்கா?"

"ஓரத்துல இல்ல டாக்டர்."

"குரல் எப்படி?"

நான் பேசிக்காட்டப் பார்த்தேன். வரவில்லை, அழுகைதான் வந்தது.

"சரி, கூட்டிட்டு வா."

"அவங்க விடமாட்டாங்க டாக்டர்."

"அப்ப குரலையாவது கொண்டு வா" என்று ரெக்கார்டரையே என் பக்கம் தள்ளினார். புதுப் பேட்டரி போட்டுத் தந்தார். கேட்டு முடித்த பழைய கேசட் ஒன்றையும் கொடுத்து, அதன்மேல் பதிந்து வரச் சொன்னார்.

வெள்ளிக்கிழமை லீவு போட்டுக்கொண்டு போனேன். ஒளிக்கவில்லை. "கங்காணி குரலைப் பிடிச்சு வச்சுக்கலாம் அத்தை" என்றேன். மாமியாருக்கு ஒரே சந்தோஷம். படையலுக்கு முன்னாலேயே ரெக்கார்டரை வைக்க இடம் ஒதுக்கினார். மேகம் கட்டியிருந்தது. வீட்டுக்குள் சீக்கிரமே இருட்டிவிட்டது. கற்பூர வெளிச்சத்தில் அவள் முகம் பெரிதாக, மெழுகு பூசினது போல இருந்தது. யாரோ மழையைப் பற்றிக் கேட்டார்கள். ரெக்கார்டர் ஓடுகிற சின்னச் சத்தம் மட்டும் கேட்டது. "மழை... நிக்கட்டும்... அப்புறம்... வெட்டுங்க" என்றாள். எல்லாரும் கும்பிட்டார்கள். என் கையும் தானாகக் கும்பிட்டது. எனக்கு என் மேலேயே எரிச்சல் வந்தது.

திங்கட்கிழமை மத்தியானம் டாக்டர் அதைக் கேட்டார். கேரியரைத் திறக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, மற்ற கட்டுரைகளைக் கேட்பது போலவே கேட்டார். கங்காணி மழையைப் பற்றிச் சொன்னார், ஸ்டவுட் கேட்டார், குளிர்கிறது என்றார். பிறகு ஒரு 'டக்'. நான் பதிந்தது முடிந்து, அடியில் அழியாமல் கிடந்த பழைய கட்டுரை தொடர்ந்தது. வெள்ளைக்காரர் பாதி வாக்கியத்திலிருந்து யாருடைய சாவையோ சாந்தமாகப் படித்துக்கொண்டு போனார். நான் எட்டி அதை அமுக்கி நிறுத்தினேன்.

"ரத்தம் எடுத்துப் பார்க்கணும். ஆனா எனக்குச் சந்தேகமில்ல" என்றார் டாக்டர். "சின்ன மாத்திரைதான். தினமும் ஒண்ணு, ஆயுசுக்கும். சீக்கிரம் கூட்டிட்டு வா. ரொம்பத் தள்ளிப் போயிருச்சு."

மாப்பிள்ளையிடமும் மாமியாரிடமும் கெஞ்சிப் பார்த்தேன். அசையவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை எனக்கு வேறு வழி தெரியவில்லை. குறி கேட்க வந்த கூட்டத்தோடு நானும் அவள் காலடியில் போய் உட்கார்ந்தேன். சொந்தத் தங்கச்சியை மாமா என்று கூப்பிட நாக்கு கூசியது.

"மாமா, ஈப்போவுல ஒரு டாக்டர் இருக்காரு. நீங்க ஒருதரம் வரணும்" என்றேன்.

கற்பூரம் எரிந்து அணையப்போயிற்று. அவள் கண் மெதுவாக என் மேல் வந்து நின்றது. அதில் யார் இருந்தார்கள் என்று சத்தியமாக எனக்குத் தெரியவில்லை.

"வா...ரேன்" என்றது குரல்.

கங்காணியே வருகிறேன் என்ற பிறகு யார் வாய் திறப்பார்? மறுநாளே டாக்சி வந்தது. கிளினிக் பெஞ்சில் மாப்பிள்ளை அவளைத் தாங்கிப் பிடித்து, "பார்த்து உக்காருங்கப்பா" என்று உட்கார வைத்தார். பக்கத்தில் இருந்த சீனப் பாட்டி ஒருத்தி எழுந்து தள்ளிப் போய் நின்றுகொண்டாள். டாக்டர் ரத்தம் எடுத்தார், மாத்திரை தந்தார். கங்காணிக்கு என்பதால் மாமியார் வேளை தவறாமல் கொடுத்தார்.

வியாதி வந்த மாதிரியே மெதுவாகத்தான் போயிற்று. முதலில் முகம் வற்றியது. பிறகு கோட்டைக் கழற்றினாள். கடைசியில்தான் குரல். அன்று நானும் இருந்தேன். வழக்கம்போலக் கற்பூரம் கொளுத்தி, யார் வந்திருப்பது என்று மாமியார் கேட்டார். "நான்தான் அத்தை" என்றாள் என் தங்கச்சி, தன்னுடைய மெல்லிய குரலில். மாமியார் அவளையே பார்த்தார். பிறகு கங்காணி செத்த அன்று எப்படி மாரில் அடித்துக்கொண்டு அழுதாரோ அப்படியே அழுதார். ஒரே புருஷனை இரண்டு தடவை பறிகொடுத்த பொம்பளை. எனக்கு முதல்முறையாக அவர்மேல் பாவமாக இருந்தது. கங்காணியின் குரல் பதிந்த கேசட் தனக்கு வேண்டும் என்று கேட்டார், கொடுத்துவிட்டேன். மெஷின் இல்லாத வீட்டில் அதைக் கங்காணியின் படத்துக்கு முன்னால் வைத்துப் பூப்போட்டார்.

பாவம் பார்த்ததெல்லாம் கொஞ்ச நாளைக்குத்தான். மறுபடியும் போனபோது தங்கச்சியின் ஒரு கன்னம் மட்டும் வீங்கியிருந்தது. அது வியாதி வீக்கமில்லை. மாப்பிள்ளை பழையபடி சம்சுக் கடைக்குப் போகத் தொடங்கியிருந்தார். மாமியார் என்னைப் பார்த்து, "எம் புருஷனைத் துரத்திட்டு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வார?" என்றார். தங்கச்சி சட்டியை வழித்துக்கொண்டிருந்தாள். என்னோடு வந்துவிடு என்று அழைத்தேன். வரமாட்டேன் என்றாள்.

அதன்பின் டாக்டருக்குக் கண் ஆபரேஷன், கிளினிக் வேலை என்று சில மாதங்கள் என்னால் போக முடியவில்லை. போன அன்று மாமியார் வாசலிலேயே நின்று என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது. உள்ளே கறுப்புக் கோட்டு நாற்காலியில் இருந்தது. அதற்குள் தங்கச்சியின் முகம் மறுபடி உப்பியிருந்தது.

அவளைப் பின்கட்டுக்கு அழைத்துப்போய், "மாத்திரை எங்கடி?" என்று உலுக்கினேன்.

அவள் மெதுவாகக் கையைத் தூக்கி வாழைமரத்தைக் காட்டினாள். அதன் தூரில் மண் கிளறிக் கிடந்தது.

"செத்துப்போயிருவடி!"

"தெரியும்... டாக்டரு... சொன்னாரு..." கங்காணியின் குரலில்தான் பேசினாள். ஆனால் பேசியது அவள். அதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது. "என் குரலுக்கு... இந்த வீட்டுல... யாருக்கா பதில் சொன்னா?"

குறி சொன்னதும் பேய் பிடித்ததும் இருக்கட்டும். என் தங்கச்சி மரியாதையாக ஒரு வாய் சோறு தின்பதற்காகச் சாகத் தயாராக இருந்தாள். அவளைக் கட்டிக்கொண்டேன். உடம்பு ஜில்லென்று இருந்தது.

"அப்படியே இரு. மாத்திப் பேசாத" என்று அவள் காதில் சொன்னேன். "'நான் ஈப்போவுக்குப் போறேன்'னு மட்டும் அவங்ககிட்ட சொல்லு."

அவள் போய்ச் சொன்னாள். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. மாமியார் காலில் விழுந்து கும்பிட்டார். மாப்பிள்ளையே பெட்டியைத் தலையில் வைத்து பஸ் வரைக்கும் கொண்டுவந்தார். பஸ் கிளம்பும்வரை கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

ஈப்போவின் புந்தோங் பகுதியில் ஒரு வீட்டின் முன் அறையில் நான் வாடகைக்கு இருந்தேன். அங்கே அவளை வைத்துக்கொண்டேன். தினமும் காலையில் அவள் மாத்திரையை முழுங்கி வாயைத் திறந்து காட்டிய பிறகுதான் வேலைக்குக் கிளம்புவேன். முகம் தெளிந்தது, குரல் வந்தது. தையல்கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். டாக்டர் மறுபடி ரத்தம் பார்த்து எல்லாம் சரியாக இருக்கிறது என்றார். இங்கிலாந்திலிருந்து அவர் மகன் கேசட் அனுப்புவது மட்டும் நிற்கவில்லை. நான் மத்தியானத்தில் வெளியே போய் உட்காரப் பழகிக்கொண்டேன்.

ஒரு சாயங்காலம் மாப்பிள்ளை வந்துவிட்டார். சம்சு வாடை வாசலிலேயே அடித்தது.

"அப்பாதான் போயிட்டாருல்ல. என் பொண்டாட்டிய அனுப்புங்க."

"அவ வரமாட்டா. போயிருங்க தம்பி."

"நீ யாரு சொல்றதுக்கு?" என்று என்னைத் தள்ளிவிட்டு அறைக் கதவில் கை வைத்தார். வீட்டுக்காரர்கள் யாரும் இல்லை. அவருடைய கையின் பருமனைப் பார்த்தேன். கதவுக்குப் பின்னால் அவள் நிற்பது எனக்குத் தெரியும்.

"எடுடா கையை."

கதவுக்கு உள்ளேயிருந்து வந்தது. அடித்தொண்டையில், ஒவ்வொரு சொல்லும் தரையில் இறங்கியது.

"இனிமே... இந்தப் பக்கம்... வராதடா."

அவர் கை தானாக இறங்கியது. முகத்தில் ரத்தமே இல்லை. "சரிப்பா" என்றார், சின்னப் பிள்ளை மாதிரி. பின்னுக்கு நடந்தே தெருவுக்குப் போனார். அதன்பிறகு அவர் வரவேயில்லை.

கதவைத் தள்ளி உள்ளே போனேன். காலையில் என் கண் முன்னால்தான் மாத்திரை முழுங்கினாள். சுவரில் சாய்ந்து நின்றவளுக்கு வேர்த்து ஊற்றியது. கழுத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"தொண்டை எரியுதுக்கா" என்றாள் தன் குரலில். "கொஞ்சம் சுடுதண்ணி தா."

தண்ணீர் வைக்க அடுப்பைப் பற்றவைத்தேன். வியாதியில் மாதக்கணக்கில் அந்தக் குரலில் பேசியபோது, தொண்டை வலிக்கிறது என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை.